நடந்துகொண்டே எடுக்கும் காட்சி குலுங்காமல் வர எதை வாங்குவது?

கேள்வி கேட்ட நண்பர் திருமண வீடியோ எடுப்பவர். அவரிடம் சோனி ஏ7 மார்க் 3 கேமராவும் டாம்ரான் 28-75 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. மணமகளை அறையிலிருந்து மணமேடைக்கு அழைத்து வரும்போது அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுக்கும் காட்சி குலுங்குகிறது. 50,000 ரூபாய்க்குள், கேமராவை மோட்டாரால் நிலைநிறுத்தும் கிம்பல் வாங்குவதா, மோட்டார் இல்லாமல் கனத்தால் நிலைநிறுத்தும், கையில் பிடிக்கும் ஸ்டெடிகேம் வகையை வாங்குவதா, அல்லது கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் என்ற குலுக்கத் தணிப்பு வசதியையும் எடிட்டிங் மென்பொருளையும் நம்பி அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவதா என்று கேட்கிறார். எந்தப் பொருள் நல்லது என்ற கேள்வியாக இதை எடுத்துக்கொண்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்; அந்த ஒரு வரியை நம்பி வாங்கிய கருவி ஆறே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். தன் காட்சியில் தெரியும் குலுக்கம் எங்கிருந்து வருகிறது, அதை எந்தக் கருவி நிறுத்தும், எது நிறுத்தாது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன். 16 ஆண்டுகளாகத் திருமணங்களையும் சிறிய ஆவணப்படங்களையும் எடுத்து வருகிறேன். ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட சினிமா கேமராக்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. உடலில் கட்டிக்கொள்ளும் முழு ஸ்டெடிகேமை, தேர்ந்த ஓர் ஆபரேட்டர் பக்கத்தில் நிற்க, சில நாள்கள் மட்டுமே சுமந்திருக்கிறேன். அந்த இடங்களில் நான் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சங்கதிகள். ஒன்று, கேமரா இருந்த இடத்திலேயே திரும்புவது: மேலும் கீழும் தலையசைப்பது, இடமும் வலமும் திரும்புவது, பக்கவாட்டில் சாய்வது. மற்றொன்று, கேமரா திரும்பாமலேயே இடம் மாறுவது: அடியெடுத்து வைக்கும்போது உடலோடு சேர்ந்து ஏறி இறங்குவது, பக்கவாட்டில் அசைவது. இயல்பாக நடக்கும் ஒருவரின் உடல் ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய 5 செ.மீ. ஏறி இறங்குகிறது, நொடிக்கு இரண்டு அடி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு இரண்டு முறை. இந்த இரண்டு வகையும் திரையில் எவ்வளவு தெரியும் என்பதை உங்கள் கேமராவையே வைத்துக் கணக்கிடலாம். நொடிக்கு 25 ஃபிரேமில் 4கே எடுக்கும்போது உங்கள் சென்சாரில் பயன்படும் உயரம் சுமார் 20 மி.மீ.; அது படத்தில் 2160 பிக்சல். லென்ஸ் 28 மி.மீ.-இல் இருக்கும்போது கேமரா ஒரே ஒரு டிகிரி தலையசைத்தால் படம் ஏறக்குறைய 53 பிக்சல் நகரும். 75 மி.மீ.-க்கு ஜூம் செய்திருந்தால் அதே ஒரு டிகிரி 140 பிக்சல் ஆகிவிடும். மணமகள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் இந்த எண்கள் மாறுவதில்லை.

இடம் மாறும் குலுக்கத்தின் கணக்கு வேறு. அதே 28 மி.மீ. லென்ஸில் கேமரா திரும்பாமல் 5 செ.மீ. ஏறி இறங்கினால், 10 மீட்டர் தூரத்தில் உள்ள மணமேடை அலங்காரம் 15 பிக்சல்தான் அசையும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் கடந்து போகும் மண்டபத் தூணோ, வாழைமரமோ, வரவேற்பு மேசையில் இருக்கும் பன்னீர்ச் செம்போ 150 பிக்சல் ஏறி இறங்கும். தூரத்தில் உள்ளது நிற்க, பக்கத்தில் உள்ளது குதிக்கும்போது, படம் பிடித்தவர் நடந்துகொண்டிருக்கிறார் என்பது பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். வெளியில் வயல் வரப்பில் எடுத்த காட்சி வழுவழுவென்று வந்தது, மண்டபத்துக்குள் அதே கருவியில் எடுத்தது குலுங்குகிறது என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். கருவியில் குறை இருக்காது.

இப்போது கிம்பலுக்கு வருகிறேன். மூன்று அச்சு கிம்பலில் கேமராவைத் தாங்கும் தட்டுக்குக் கீழே கோணத்தின் மாற்றத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. கேமரா நாம் விரும்பாத பக்கம் திரும்பத் தொடங்கியதுமே மூன்று மோட்டார்களும் எதிர்ப்பக்கமாக அதைத் திருப்பி நிறுத்துகின்றன. 2013-இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவி எம்10 வந்தபோது அதன் விலை 15,000 டாலரை ஒட்டி இருந்தது. அடுத்த ஆண்டு டிஜேஐ தன் ரோனினைக் கொண்டுவந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் கருவி உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அன்றும் இன்றும் இந்தக் கருவி திருத்துவது முதல் வகைக் குலுக்கத்தை மட்டுமே. நீங்கள் 5 செ.மீ. ஏறி இறங்கினால் கிம்பலும் கேமராவும் உங்களோடு சேர்ந்து 5 செ.மீ. ஏறி இறங்கும், அதைத் தடுக்க அதில் மோட்டார் கிடையாது. கிம்பல் வாங்கிய முதல் வாரம் "பாதிப் பணத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டேனோ" என்று தோன்றுவது இதனால்தான். எனக்கும் தோன்றியது. தூண்கள் இரண்டு வரிசையாக நிற்கும் ஒரு பழைய மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பை எடுத்துவிட்டு வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை முகம் கல்லில் செதுக்கியதுபோல நிற்க, இரு பக்கத் தூண்களும் நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுவதுபோல எழுந்து எழுந்து உட்கார்ந்தன. கிம்பலைச் சரியாக அமைக்கவில்லை என்று நினைத்து ஒரு வாரம் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியது என் நடையை.

நடையைப் பற்றி ஆங்கில வீடியோக்கள் பலவிதமாகக் கற்றுத் தருகின்றன; நம் ஊரில் அதற்குப் புதிதாகப் பெயர் வைக்கத் தேவையில்லை. இடுப்பில் நிறைகுடத்தோடு தளும்பாமல் வருபவர்களின் நடைதான் அது. முழங்கால் சற்று மடிந்தே இருக்கும், இடுப்பு ஒரே உயரத்தில் போகும், குதிகால் முதலில் தரையைத் தொட்டு பாதம் மெல்ல உருண்டு விரல்களில் முடியும். பின்னோக்கி நடக்கும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும்: விரல் முதலில், குதிகால் பிறகு. முழங்கையை விலாவோடு இறுக்காமல் சற்று விட்டுப் பிடித்தால் கை ஒரு ஸ்பிரிங்போல வேலை செய்யும். 5 செ.மீ. அசைவை இப்படி ஒன்றோ ஒன்றரையோ செ.மீ. ஆக்க முடியும் என்பது என் அனுபவம். இது அளவெடுத்துச் சொன்னதல்ல, தூண்களைப் பார்த்துச் சொல்வது. இரண்டு வாரம் தினமும் கால் மணி நேரம் வீட்டு வராந்தாவில் பழகினால் வரும். பின்னோக்கி நடக்கும்போது உங்கள் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வழிநடத்த ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும். மண்டபத்தில் ஒயர்களும் குழந்தைகளும் எப்போது காலுக்கடியில் வரும் என்று சொல்ல முடியாது.

ஸ்டெடிகேம் இதற்கு மாறானது. அமெரிக்க ஒளிப்பதிவாளர் கேரட் பிரவுன் 1970-களின் நடுவில் உருவாக்கிய இந்தக் கருவிக்கு 1978-இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. அதில் மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஒரு நீண்ட கம்பத்தின் மேலே கேமரா, கீழே மானிட்டரும் பேட்டரியும். கனம் இப்படிப் பரவியிருப்பதால் கம்பம் சட்டென்று திரும்ப மறுக்கிறது. சமநிலைப் புள்ளிக்குச் சற்று மேலே, எல்லாப் பக்கமும் தடையின்றிச் சுழலும் ஒரு கைப்பிடியில் அது நிற்கிறது. அந்தக் கைப்பிடியை ஸ்பிரிங் வைத்த இரட்டைக் கை தாங்க, அந்தக் கை ஆபரேட்டர் மார்பில் கட்டியிருக்கும் கவசத்தில் பொருந்துகிறது. நடையின் ஏற்ற இறக்கத்தை விழுங்குவது இந்த ஸ்பிரிங் கைதான். கிம்பலால் முடியாத வேலையைச் செய்வது அதுவே. ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. ஒன்று திருப்பத்தை மோட்டாரால் நிறுத்துகிறது, மற்றது திருப்பத்தைக் கனத்தாலும் ஏற்ற இறக்கத்தை ஸ்பிரிங்காலும் தணிக்கிறது. பெரிய படங்களில் ஸ்பிரிங் கையின் நுனியில் மோட்டார் கிம்பலை மாட்டி இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவதும் உண்டு.

ஆனால் நண்பர் கேட்டது கவசமும் ஸ்பிரிங் கையும் உள்ள முழுக் கருவியை அல்ல. 50,000 ரூபாய்க்குள் கிடைப்பது கிளைட்கேம் போன்ற கையில் பிடிக்கும் வகை: கம்பமும் கைப்பிடியும் கீழே எடைத் தட்டுகளும் மட்டும். நான் முதலில் வாங்கியது அதைத்தான், இரண்டு ஆண்டுகள் நேசித்துப் பயன்படுத்தியும் இருக்கிறேன். பேட்டரி தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை, அது தரும் மிதப்பில் உயிர் இருக்கும், ஓடும்போதுகூட அழகாக வரும். குறைகளையும் சொல்ல வேண்டும். மொத்த எடையும் ஒரே மணிக்கட்டில் விழுகிறது; இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிடிக்க முடியாது. இன்னொரு கையின் இரு விரல்களால் கம்பத்தைத் தொட்டும் தொடாமலும் திருப்பும் பழக்கம் வர மாதங்கள் ஆகும். மணமேடையைச் சுற்றிலும் ஓடும் பெரிய மின்விசிறிகளின் காற்று பட்டாலே கம்பம் தானாகத் திரும்பும். கூட்டத்தில் யாராவது ஒருவர் தோள் பட்டுவிட்டால் கேமரா ஊஞ்சலாடத் தொடங்கி, அது அடங்குவதற்குள் தாலி கட்டி முடித்துவிடுவார்கள். இன்றைய நிலையில் திருமண வேலைக்கு இதை வாங்கும்படி நான் சொல்ல மாட்டேன். குறும்படம் எடுக்கும் பொறுமையுள்ளவருக்குச் சொல்வேன்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே கையில் இருப்பதை நம்புவது. உங்கள் கேமராவில் சென்சாரே நகர்ந்து திருத்தும் ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. உங்கள் லென்ஸில் அந்த வசதி இல்லை. குலுக்கத்தைத் தணிக்கும் திறனை விளம்பரத்தில் 5 ஸ்டாப் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அந்த எண் புகைப்படத்துக்கான அளவுமுறையில் எடுத்தது. நின்ற இடத்தில் கேமராவைப் பிடித்திருப்பவரின் கை நடுக்கத்தை ஒத்த அசைவை மட்டும் வைத்து அளந்தது. நின்றபடி தாலியை நெருக்கத்தில் எடுக்க அது கைகொடுக்கும். நடையின் பெரிய அசைவுக்கு முன்னால் சென்சாருக்கு நகர இடம் போதாமல் எல்லையில் முட்டித் திரும்பும். படத்தில் அது சிறு வெட்டுகளாகத் தெரியும். அகலமான லென்ஸில் இன்னொரு தொல்லை: படத்தின் நடுப்பகுதி நிற்க, நான்கு மூலைகளும் நெளியும்.

எடிட்டிங் மென்பொருளில் சரிசெய்வதற்கு ஒரு கணக்குச் சாதகமாக இருக்கிறது. நீங்கள் 4கே-யில் எடுத்து ஃபுல் ஹெச்டி-யில் கொடுப்பவரானால், திருத்துவதற்காக ஓரங்களில் பத்து சதவீதத்தை வெட்டினாலும் தரம் குறைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மென்பொருளால் தொட முடியாத இரண்டு இடங்கள் உண்டு. 1/50 ஷட்டரில், அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி விழும்படி எடுத்த ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த நேரத்துக் குலுக்கம் மங்கலாகப் பதிந்திருக்கும். ஃபிரேமை அசையாமல் நிறுத்தினாலும் அந்த மங்கல் போகாது. நிலையாக நிற்கும் முகம் காரணமில்லாமல் மங்கித் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். ஷட்டரை 1/100-க்கு ஏற்றினால் குறையும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/50, 1/100 இரண்டும் விளக்கு மினுக்கம் தராமல் இருப்பதால் இதில் சிக்கலில்லை, வெளிச்சம் பாதியாகும், அவ்வளவே. இரண்டாவது இடம் இன்னும் மோசம். படத்தைப் பார்த்தே அசைவைக் கணிக்கும் மென்பொருளுக்கு எது நிலையானது, எது நகர்வது என்று தெரியாது. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் அந்த நொடியில், திரை முழுக்க நூறு கைகளும் பறக்கும் அரிசியும் இருக்கும்போது, அது கைகளை நிலையானவை என்று எடுத்துக்கொண்டு மணமேடையை ரப்பர்போல இழுக்கும். திருமணத்தின் முக்கியமான பத்து நொடியை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். கேமரா அசைந்த விவரத்தை வீடியோ ஃபைலிலேயே எழுதிவைக்கும் புதிய மாடல்களுக்கு, உதாரணமாக சோனி ஏ7 மார்க் 4, இசட்வி-இ10 போன்றவற்றுக்கு, ஜைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருள் இதைவிடப் பல மடங்கு சுத்தமாக வேலை செய்கிறது. ஏனென்றால் அது படத்தைப் பார்த்து ஊகிப்பதில்லை. உங்கள் மாடல் அந்த வரிசையில் இல்லை.

ஸ்லோமோஷன் என்ற பழைய தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 100 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் நொடிக்கு இரண்டு முறை குதிக்கும் நடை இரண்டு நொடிக்கு ஒரு முறையாகித் தாலாட்டுப்போல ஆகிவிடுகிறது. உங்கள் கேமராவில் இது ஃபுல் ஹெச்டி-யில் மட்டும்தான் முடியும். ஹைலைட்ஸ் வீடியோவுக்குப் போதும். பேச்சும் மந்திரமும் உள்ள காட்சிக்கு உதவாது.

இனி உங்கள் கருவிகளின் எடை. கேமரா பேட்டரியோடு 650 கிராம், லென்ஸ் 550 கிராம் அளவு, ஆக 1.2 கிலோ. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர், சிறிய மைக், மாட்டும் தட்டு எல்லாம் சேர்ந்தால் 1.4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிம்பல்களில் டிஜேஐ ஆர்எஸ் 3 மினி 2 கிலோ வரை தாங்கும், ஆர்எஸ் 3-உம் ஆர்எஸ் 4-உம் 3 கிலோ வரை, அவற்றின் புரோ வகைகள் 4.5 கிலோ வரை. தாங்கும் எடையைப் பார்த்து எல்லாரும் பெரியதையே வாங்கத் துடிக்கிறார்கள். கிம்பலின் சொந்த எடையை யாரும் கேட்பதில்லை. மினி சுமார் 800 கிராம், ஆர்எஸ் 3 சுமார் 1.3 கிலோ. மினியோடு நீங்கள் தூக்குவது 2.2 கிலோ, ஆர்எஸ் 3-ஓடு 2.7 கிலோ. அரை கிலோதானே என்று தோன்றும். அதை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதிகாலை நான்கரை மணிக்கு முகூர்த்தத்துக்குத் தயாராகி, மதியம் பந்தி வரை நிற்கும்போது அந்த அரை கிலோவின் உண்மையான எடை தெரியும். களைத்த கையில் எந்தக் கிம்பலும் நன்றாக வராது. உங்களிடம் இருக்கும் லென்ஸுக்கு 2 கிலோ தாங்குவது போதும். 1.48 கிலோ எடையுள்ள பழைய 70-200 ஜிஎம் போன்ற லென்ஸையும் அதில் மாட்டப் போகிறீர்கள் என்றால் கேமராவோடு 2.1 கிலோ தாண்டிவிடும், அப்போது பெரியது வேண்டும். ஆனால் அந்த லென்ஸைக் கிம்பலில் மாட்டி நடக்கும் அவசியம் திருமணத்தில் எனக்கு இதுவரை வந்ததில்லை.

தாங்கும் எடையைவிட முக்கியமானது பேலன்ஸ். மோட்டார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று அவசரமாக மாட்டுபவர்களுக்குத்தான் எல்லாப் பழுதும் வரும். பவர் போடாமல், பேட்டரி, கார்டு, ஃபில்டர், மைக் எல்லாவற்றையும் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அச்சாகப் பாருங்கள். கேமராவை நேராக வைத்து விட்டால் முன்னாலோ பின்னாலோ விழக்கூடாது. 45 டிகிரி அண்ணாந்து பார்க்க வைத்துக் கையை எடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. பிறகு சாய்வு அச்சு. கடைசியாகக் கைப்பிடியைப் படுக்கவைத்துப் பிடித்தால் மேல்கை தானாகச் சுழலக் கூடாது. உங்கள் லென்ஸ் ஜூம் செய்யும்போது நீளும் வகை என்பதால் 28-இல் செய்த பேலன்ஸ் 75-இல் கெடும். நான் அந்த வகை லென்ஸை ஏறக்குறைய 35-இல் வைத்து, ஜூம் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுகிறேன். பேலன்ஸ் ஆனபிறகே பவர், அதன்பிறகே, மாட்டிய எடைக்கு ஏற்ப மோட்டாரின் வலுவைக் கிம்பலே அமைத்துக்கொள்ளும் ஆட்டோ டியூன்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகூர்த்தத்தில், பேலன்ஸ் எல்லாம் முடித்து நிற்கும்போது, உறவினர் ஒருவர் மந்திரம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சொன்னதால் கடைசி நேரத்தில் கேமராமேல் ஒரு மைக்கை மாட்டினேன். மேலே கனம் கூடியதை மோட்டார் பத்து நிமிடம் மௌனமாகச் சுமந்தது. கைப்பிடியில் ஒரு மெல்லிய அதிர்வு வந்தபோது நாதஸ்வரம் தவில் சத்தத்தின் அதிர்வு என்று நினைத்துவிட்டேன். மணமகன் தாலியைக் கையில் எடுத்த நேரம் மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, கேமரா தலையைத் தொங்கப் போட்டது. கேமராவைக் கைப்பிடியோடு சேர்த்து அணைத்துப் பிடித்து எப்படியோ எடுத்தேன். இரண்டாவது கேமரா மோனோபாட் என்ற ஒற்றைக் கால் தாங்கியில் நின்றதால் பிழைத்தேன். அன்றிலிருந்து தாலி கட்டும் நேரத்தைக் கிம்பலில் எடுப்பதில்லை.

அந்த நேரத்துக்குச் சரியான கருவி, அடியில் சிறு கால்கள் விரியும், மேலே கேமராவை வழுக்காமல் மென்மையாகத் திருப்ப உதவும் ஃப்ளூயிட் ஹெட் உள்ள மோனோபாட். மேடையில் முழங்கை நீட்ட இடமிருக்காது. உங்கள் தோளுக்கு மேல் நான்கு மொபைல்கள் நீளும். கிம்பலுக்கு அசைய இடம் வேண்டும், மோனோபாடுக்கு ஒரு தரைக்கல் போதும். நடந்து எடுக்கும் காட்சி ஒரு திருமணத்தில் மொத்தம் ஏழெட்டு இருக்கும். மற்றதெல்லாம் நின்று எடுப்பவைதான்.

குறும்படமோ முன்னோட்ட வீடியோவோ எடுக்கும்போது, தரை சமமாக இருந்தால், சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். சினிமாவில் ட்ராக் அண்ட் ட்ராலி, அதாவது தண்டவாளத்தில் ஓடும் கேமரா வண்டி, இன்னும் போடுவது பழக்கத்துக்காக அல்ல. ஏற்ற இறக்கமே இல்லாத நகர்வை அதைவிடச் சுத்தமாக எதுவும் தருவதில்லை. நமக்கு அந்தச் செலவு கட்டாது. ஒரு வீல்சேரில் உட்கார்ந்து, கையில் கிம்பலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒருவர் தள்ளினால், சக்கரம் ஏற்ற இறக்கத்தையும் கிம்பல் திருப்பத்தையும் பார்த்துக்கொள்ளும். பழைய மொசைக் தரையில் இது அற்புதமாக வரும். டைல்ஸ் தரையில் ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு சிறு தட்டு கேட்கும். காற்றடைக்கும் டயர் உள்ள சேராக இருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

சந்தேகத்துக்கு இடமுள்ள விஷயங்கள் சில. கிம்பலில் மாட்டியபின் கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைக்க வேண்டுமா என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. நான் அகலமான கோணத்தில் அணைத்தும் 50 மி.மீ.-க்கு மேல் போட்டும் எடுக்கிறேன். இது கேமராவுக்குக் கேமரா மாறுவதால் விதியாகச் சொல்ல மாட்டேன், ஒரே நடையை இரண்டு விதமாகவும் எடுத்து மூலைகளைப் பாருங்கள். டிஜேஐ, ஜியூன் ஆகிய இரண்டு நிறுவனக் கிம்பல்களில் எது நல்லது என்று கேட்டால், படத்தைப் பார்த்து எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எதற்குச் சர்வீஸ் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பழைய கிம்பல் வாங்குவதில் மட்டும் கவனம் வேண்டும். பேட்டரி கைப்பிடியோடு ஒட்டியே வரும் மாடல்களில் பேட்டரி சோர்ந்துவிட்டால் மாற்றுவது எளிதல்ல. அகலமான லென்ஸ் போட்டால் குலுக்கம் குறையும் என்று சொல்வார்கள்; திருப்பத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் மணமகளின் முகம் அதே அளவில் தெரிய வேண்டுமென்று நீங்கள் இன்னும் பக்கத்தில் போனால், முகத்தின் ஏற்ற இறக்கம் முன்பிருந்த அளவுக்கே வந்துவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2 கிலோ தாங்கும் சிறிய கிம்பல் ஒன்றையும், மீதிப் பணத்தில் நல்ல மோனோபாட் ஒன்றையும் வாங்குவேன். அதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள், மற்ற ஊர்களில் உடன் தொழில் செய்யும் நண்பர்களிடம் கேட்டால் கிடைக்கும். திருமணம் இல்லாத ஒரு நாளில், ஆளில்லாத மண்டபத்தில், உங்கள் லென்ஸை 28-இல் வைத்து, தூண் வரிசையை ஒட்டி ஒரு மீட்டர் தள்ளிப் பின்னோக்கி இருபது அடி நடந்து எடுங்கள். பிறகு அதே நடையைக் கூடத்தின் நடுவில், தூண்களிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நடந்து எடுங்கள். இரண்டையும் மொபைலில் பார்க்காமல் பெரிய டிவியில் போட்டுப் பாருங்கள். நடுவில் எடுத்ததும் ஆடுகிறதென்றால் பேலன்ஸையோ செட்டிங்கையோ திரும்பப் பாருங்கள். தூணை ஒட்டி எடுத்தது மட்டும் ஆடுகிறதென்றால் கிம்பல் தன் வேலையைச் செய்துவிட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு முன் இரண்டு வாரம் நடந்து பழகுங்கள்.